அந்த நாலு வரியில் மிசி எங்கே?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற ஞாயிறு மகளிர் பகுதியில், நாட்டின் உச்சப் பதவிகளுக்கு வந்த பெண்களைப் பற்றி முழுப் பக்கம் போட்டிருந்தீர்கள். நல்ல பக்கம்தான். குறை சொல்ல வரவில்லை என்று பொய் சொல்ல மாட்டேன். குறை சொல்லத்தான் வந்திருக்கிறேன். ஆனால் ஒரே ஒரு குறை.

வலப்பக்க மூலையில் கட்டம் கட்டி, கரீபியன் தீவு நாடான பார்படோஸில் பிரிட்டிஷ் ராணியின் பிரதிநிதியாக, முதல் பெண் கவர்னர் ஜெனரலாக இருந்த டேம் நீட்டா பாரோவுக்கு நாலு வரி கொடுத்திருந்தீர்கள். அந்த நாட்டின் முதல் பிரதமர் எரோல் பாரோவின் அக்காள் என்பது முதல் வரி. ஐ.நா. சபையில் தூதராக இருந்தவர் என்பது இரண்டாவது. பிறகு பதவிக்கு வந்த ஆண்டு, மறைந்த ஆண்டு. அவ்வளவுதான். அவர் ஒரு நர்ஸ் என்பது எங்கேயும் இல்லை. கண்ணாடியைப் புடவைத் தலைப்பில் துடைத்துப் போட்டுக்கொண்டு இன்னொரு தடவை படித்தேன். இல்லைதான்.

நான் ஓய்வுபெற்ற ஸ்டாஃப் நர்ஸ். பத்திரிகையில் நீங்கள் தாதி என்று எழுதுவீர்கள். நான் பிறந்த தோட்டத்தில் மிசி என்பார்கள். இன்றைக்கும் செந்தூல் மார்க்கெட்டுக்கு மீன் வாங்கப் போனால், வயதானவர்கள் "மிசி, முழங்கால் வலிக்கு என்ன போடலாம்?" என்றுதான் நிறுத்துவார்கள். அந்தப் பெயரோடு முப்பத்து மூன்று வருடம் வேலை பார்த்தவளுக்கு அந்தப் பெயர் விடுபட்டால் உறுத்தாதா?

உறுத்தலோடு விட்டுவிடலாம் என்றுதான் இருந்தேன். அன்று மத்தியானம் சாப்பிட வந்த மருமகன் உங்கள் பக்கத்தைக் கையில் எடுத்தார். பேத்திக்கு நர்ஸ் டிப்ளோமா படிக்க ஆசை. அவருக்கு விருப்பமில்லை. "பார்த்தீங்களா அத்தை, பிரதமருக்கு அக்காவா பொறந்தா தூதர் ஆகலாம். மிசியா போனா மிசியாவே பென்சன் வாங்க வேண்டியதுதான்" என்றார். மிசியாகவே பென்சன் வாங்குகிறவள் வைத்த மீன் குழம்பைச் சோற்றில் ஊற்றிக்கொண்டே சொன்னார். நல்ல பிள்ளைதான், வாய்தான் கொஞ்சம் நீளம். பேத்தி ஒன்றும் பேசவில்லை. தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். அதனால்தான் எழுதுகிறேன்.

நீட்டா பாரோவை எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்பீர்கள். 1989 அக்டோபரில் காமன்வெல்த் தலைவர்கள் மாநாடு கோலாலம்பூரில் நடந்தது. ஊரெல்லாம் கொடி, ரோடெல்லாம் போலீஸ். என்னை முதலுதவி அறையில் போட்டிருந்தார்கள். பெரிய தலைவர்கள் யாருக்காவது நெஞ்சு வலித்தால் என்ன செய்வது என்று இரண்டு நாள் பயிற்சி கொடுத்தார்கள். நெஞ்சு வலியோடு யாரும் வரவில்லை. தலைவலி வந்தது, வயிற்றுப்போக்கு வந்தது, அப்புறம் ஒரு அம்மா புதுச் செருப்பு கடித்து நொண்டிக்கொண்டு வந்தார். பார்படோஸ் குழுவில் டைப் அடிக்கிறவர். குதிகாலில் ஐம்பது காசு அளவுக்குக் கொப்புளம், தோல் உரிந்து சிவந்திருந்தது. உப்புத் தண்ணீரில் கழுவி, துணி வைத்து, பிளாஸ்டர் ஒட்டினேன். ஒட்டும்போது ஓரத்தைச் சின்ன மடிப்பாக மடித்து விட்டேன், பிறகு உரிக்கும்போது நகத்தால் பிடிக்க வசதியாக இருக்கும் என்று. அதை அந்த அம்மா உற்றுப் பார்த்தார். "எங்க ஐ.நா. தூதரும் இப்படித்தான் மடிப்பார். அவரும் உன்னை மாதிரி நர்ஸ்தான். நியூயார்க்கில் கால் கடிச்சா அவர்கிட்டயே காட்டுவோம்" என்று சிரித்தார்.

அவர் வேடிக்கைக்குச் சொன்னாரோ உண்மையைச் சொன்னாரோ, எனக்கு அன்றிரவு தூக்கம் வரவில்லை. நர்ஸ் ஒருத்தி ஐ.நா.வில் உட்கார்ந்திருக்கிறாளா? அன்றிலிருந்து அந்தப் பெயர் எங்கே கண்ணில் பட்டாலும் வெட்டி ஒட்டிவைப்பது பழக்கமாகிவிட்டது. பழைய வாட்டு ரிப்போர்ட் புத்தகம் ஒன்றில்தான் ஒட்டினேன். முன்பக்கங்களில் யாருக்கு எத்தனை மணிக்கு ஊசி என்று இருக்கும், பின்பக்கங்களில் நீட்டா பாரோ. பசை காய்ந்து மஞ்சளாகிவிட்டது. இந்தக் கடிதத்தை அதைப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் எழுதுகிறேன்.

பார்படோஸ் நம் பினாங்குத் தீவைப்போல ஒன்றரை மடங்குதான் இருக்கும். இங்கே ரப்பர் மாதிரி அங்கே கரும்பு. 1916 நவம்பர் 15ஆம் தேதி பாதிரியார் ஒருவரின் மகளாகப் பிறந்தார் நீட்டா. 1930களில் அந்த ஊர்ப் பொது மருத்துவமனையில் நர்ஸ் பயிற்சி. பிரசவம் பார்க்கப் படித்தது டிரினிடாட்டில். ராக்கஃபெல்லர் அறக்கட்டளையின் உதவிப் பணத்தில் டொரொண்டோ பல்கலைக்கழகத்தில் பொதுச் சுகாதாரம் படித்தார், அது போர்க்காலம். பிறகு ஜமைக்காவில் நர்சுகளுக்குப் பாடம் எடுத்தார். எடின்பரோவுக்குப் போய் மேலும் படித்துவிட்டுத் திரும்பினார். 1954இல் ஜமைக்காவின் மோனாவில் இருந்த பல்கலைக்கழக மருத்துவமனைக்கு மேட்ரன், அதாவது நர்சுகளுக்கெல்லாம் தலைவி ஆனார். அந்த வேலைக்கு வந்த முதல் மேற்கிந்தியப் பெண் அவர்தான்.

மேட்ரன் என்றால் என்ன என்று இன்றைய பிள்ளைகளுக்குப் புரியாது. வெள்ளைக்காரர் காலத்தில் மேட்ரன் என்றாலே வெள்ளைக்காரம்மாதான், அங்கேயும் சரி, இங்கேயும் சரி. நான் 1975இல் பினாங்கில் பயிற்சிக்குச் சேர்ந்தபோதுகூட, மூத்த சிஸ்டர்கள் அந்தக் கதையைச் சொல்லும்போது குரலைத் தாழ்த்திக்கொள்வார்கள். வாட்டுக்குள் மேட்ரன் நுழைந்தால் கட்டில் சக்கரங்கள் எல்லாம் ஒரே பக்கம் பார்த்துத் திரும்பியிருக்க வேண்டுமாம். கறுப்பினப் பெண் ஒருத்தி 1954இல் அந்த நாற்காலியில் உட்கார்ந்தாள் என்றால் அது சின்ன விஷயமில்லை. ஐ.நா. நாற்காலியைவிட அது கஷ்டமான நாற்காலி என்பது என் எண்ணம். இரண்டு வருடத்தில், 1956இல், ஜமைக்கா நாடு முழுவதற்கும் தலைமை நர்சிங் அதிகாரி ஆனார்.

இப்போது மருமகன் கேட்ட கேள்விக்கு வருகிறேன். தம்பி பிரதமர், அதனால் அக்காளுக்குத் தூதர் பதவி என்கிறார். கணக்குப் பார்ப்போம். 1985 அக்டோபரில் பஹாமாஸ் நாட்டின் நாசோவில் காமன்வெல்த் தலைவர்கள் கூடி, தென்னாப்பிரிக்காவின் நிறவெறி அரசோடு பேச ஏழு பேர் குழு ஒன்றை அமைத்தார்கள். ஆஸ்திரேலியாவின் முன்னாள் பிரதமர் மால்கம் ஃபிரேசரும் நைஜீரியாவின் முன்னாள் தலைவர் ஒபாசஞ்சோவும் கூட்டுத் தலைவர்கள். இந்தியாவிலிருந்து முன்னாள் வெளியுறவு அமைச்சர் சுவரண் சிங். ஏழு பேரில் ஒரே ஒரு பெண், நீட்டா பாரோ. அந்த நேரத்தில் தம்பி எரோல் என்ன செய்துகொண்டிருந்தார்? எதிர்க்கட்சியில் உட்கார்ந்திருந்தார்! அவர் மறுபடி ஜெயித்து ஆட்சிக்கு வந்தது 1986 மே கடைசியில்தான். தூதர் பதவி அதற்கு அப்புறம் வந்தது, அதை நான் மறைக்கவில்லை. ஆனால் தம்பி 1987 ஜூன் முதல் தேதி இறந்துபோனார். அக்காள் 1990 வரை நியூயார்க்கில் இருந்தார். செத்துப்போன தம்பியின் சிபாரிசில் மூன்று வருடம் ஓட்ட முடியுமா?

1988இல் ஐ.நா. பொதுச்சபைத் தலைவர் பதவிக்கே போட்டியிட்டார். அர்ஜென்டினா வெளியுறவு அமைச்சர் டான்டே கபூட்டோவிடம் தோற்றார். தோற்றதையும் சொல்லிவிட வேண்டுமல்லவா. அதற்கு முன் அந்த நாற்காலியில் உட்கார்ந்த பெண்கள் இரண்டே பேர். முதலில் 1953இல் விஜயலட்சுமி பண்டிட். அவரையும் இன்றுவரை நேருவின் தங்கை என்றுதான் எழுதுகிறார்கள். இது உங்கள் பத்திரிகையின் வியாதி மட்டுமில்லை என்று ஒரு ஆறுதல்.

சரி, நர்ஸ் வேலைக்கும் தூதர் வேலைக்கும் என்ன சம்பந்தம்? என் அனுபவத்திலிருந்து ஒன்று சொல்கிறேன்.

எண்பதாம் வருடம் என்று நினைக்கிறேன், மூன்றாம் வகுப்புப் பெண்கள் வாட்டில் எனக்கு இரவு வேலை. ஒரே மின்விசிறியின் கீழ் மூன்று கட்டில். ஒன்றில் சீனப் பாட்டி, காற்றுப் பட்டால் மூட்டு குடையும், விசிறியை நிறுத்து என்பார். நடுவில் ஒரு மக்சிக், அதாவது மலாய்க்கார அம்மா, உடம்பெல்லாம் எரிகிறது, வேகமாக வை என்பார். மூன்றாவதில் தோட்டத்து ஆயா, இருமல்காரர். நிறுத்தினாலும் திட்டுவார், வைத்தாலும் திட்டுவார். ராத்திரி ஒன்றரை மணிக்கு மூன்று மொழியில் சண்டை. நான் போய் முதலில் விசிறியைத் தொடவில்லை. பாட்டியின் முழங்காலைப் பிடித்துப் பார்த்தேன், சூடாக இருந்தது. மக்சிக்கின் நெற்றியைத் தொட்டேன். ஆயாவுக்கு வெந்நீர் கொடுத்தேன். மூன்று பேருக்கும் தங்கள் பக்கம் ஆள் வந்துவிட்டது என்று தோன்றிய பிறகுதான் வேலையே. பாட்டியின் தலையணையை எடுத்துக் கால்மாட்டில் போட்டேன். தலை சுவர்ப் பக்கம் போனது, முழங்காலும் காற்றுக்குத் தப்பியது, போர்வை போர்த்திய பாதம் மட்டும் விசிறியின் கீழ். விசிறி மக்சிக்குக்காக ஓடியது. ஆயா கட்டிலை ஒரு முழம் நகர்த்தினேன். இரண்டு மணிக்கு நான் மைலோ குடித்துக்கொண்டிருந்தேன்.

இதற்குப் பெயர் ராஜதந்திரம் இல்லையென்றால் வேறு எதற்குப் பெயர்? யார் சரி, யார் தப்பு என்று தீர்ப்புச் சொல்லப் போயிருந்தால் விடியும்வரை சண்டைதான்.

1985 ஜூலையில் நைரோபியில் பெண்கள் மாநாட்டையொட்டி அரசு சாரா அமைப்புகளின் பெரிய கூட்டம் நடந்தது. பத்தாயிரம் பேருக்கு மேல் பெண்கள். அதை நடத்திய பொறுப்பு நீட்டா பாரோவுடையது. பாலஸ்தீனப் பெண்கள், இஸ்ரேல் பெண்கள், ஈரான், ஈராக், அமெரிக்கா, ரஷ்யா எல்லாரும் வந்திருந்தார்கள். அமைதிக் கூடாரம் என்று ஒன்று போட்டிருந்தார்கள். எதிரி நாட்டுப் பெண்கள் அங்கே உட்கார்ந்து கத்தலாம், பேசலாம். வெளியே போய் அடித்துக்கொள்ளாமல் ஒரு கூரையின் கீழ் கத்த இடம் கொடுப்பது வாட்டு நடத்தியவர்களுக்குத் தெரிந்த வித்தை. அந்தச் செய்தியைப் படித்தபோது எனக்கு அந்த மூன்று கட்டில்தான் ஞாபகம் வந்தது.

தென்னாப்பிரிக்காவுக்குப் போன அந்த ஏழு பேர் குழு 1986 மே மாதத்தில் பால்ஸ்மூர் சிறையில் நெல்சன் மண்டேலாவைச் சந்தித்தது. பார்க்க வருகிறவர்கள் பெரிய ஆட்கள் என்று, சிறை அதிகாரிகள் தையற்காரரை வைத்து அளவெடுத்து அவருக்குப் புது சூட் தைத்துக் கொடுத்தார்களாம். இதைப் படித்துவிட்டுச் சிரித்துவிட்டேன். மந்திரி வருகிறார் என்றால் நாங்கள் காலையிலேயே விரிப்பு மாற்றி, உடைந்த பீங்கானை ஒளித்து, நோயாளிக்குத் தலை வாரி விடுவோமே, அதேதான். கூட வந்த மற்ற ஆறு பேருக்கும் சூட்டைப் பார்த்ததும் என்ன தோன்றியதோ. மேட்ரனாக இருந்த ஒருத்தியின் கண் சூட்டில் நின்றிருக்காது, முகத்தின் நிறத்தையும் கை நடுக்கத்தையும் பார்த்திருக்கும் என்று நான் நினைத்துக்கொள்வேன். இது என் கற்பனை, ரிப்போர்ட் புத்தகத்தில் ஒட்டியதில்லை. அதே மாதம் 19ஆம் தேதி, குழு இன்னும் அங்கே இருக்கும்போதே, தென்னாப்பிரிக்கப் படை போட்ஸ்வானா, ஜாம்பியா, ஜிம்பாப்வே மூன்று நாடுகளிலும் தாக்குதல் நடத்தியது. பேச்சு அதோடு முறிந்தது.

ஆனால் விஷயம் முடியவில்லை. நான் செருப்புக்கடிக்குப் பிளாஸ்டர் ஒட்டிக்கொண்டிருந்த அதே மாநாட்டில் தென்னாப்பிரிக்காதான் பெரிய தகராறு. கோலாலம்பூர் அறிக்கை என்றே ஒன்று வெளியிட்டார்கள், பிரிட்டன் பிரதமர் தாட்சர் தனியாக வேறு அறிக்கை விட்டார். நாலு மாதத்தில், 1990 பிப்ரவரி 11ஆம் தேதி, மண்டேலா வெளியே வந்தார். தென்னாப்பிரிக்காவைக் காமன்வெல்த்தை விட்டு வெளியேற வைத்த 1961ஆம் வருடச் சண்டையில் நம்முடைய முதல் பிரதமர் துங்கு அப்துல் ரஹ்மான் முன்னால் நின்றதை என் அப்பா சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தார். அவருக்கு அது ஏதோ தன் வீட்டுப் பெருமை மாதிரி.

இதற்கெல்லாம் முன்னால் நடந்த ஒன்றைச் சொல்லாவிட்டால் என் மனசு ஆறாது. எழுபதுகளில் நீட்டா பாரோ ஜெனீவாவில், உலகத் திருச்சபைகள் மன்றத்தின் மருத்துவக் கமிஷனில் இருந்தார், பிறகு அதற்கே இயக்குநர் ஆனார். பெரிய ஆஸ்பத்திரி கட்டுவதைவிட, கிராமத்துக்குள் போய் நோயே வராமல் தடுப்பதுதான் முக்கியம் என்று அந்தக் கமிஷன் சொல்லிக்கொண்டிருந்தது. அவர்கள் எடுத்துக்காட்டிய இடங்களில் ஒன்று மகாராஷ்டிராவின் ஜாம்கேட். அதை 1970இல் தொடங்கிய ஆரோலே தம்பதி நம் வேலூரில் டாக்டருக்குப் படித்தவர்கள். எழுதப் படிக்கத் தெரியாத கிராமத்துப் பெண்களுக்கே சுகாதாரப் பயிற்சி கொடுத்தார்கள். 1978 செப்டம்பரில் அன்றைய சோவியத் நாட்டின் ஆல்மா ஆட்டாவில் உலக நாடுகள் கூடி ஆரம்ப சுகாதாரம் பற்றி அறிக்கை வெளியிட்டதில் இந்த எண்ணங்களுக்கெல்லாம் பங்குண்டு.

அது நடந்து கொஞ்ச காலத்தில் நான் கோலசிலாங்கூர்ப் பக்கம் கிளினிக் டேசாவில், அதாவது கிராமத்து கிளினிக்கில் இருந்தேன். ஹோண்டா மோட்டாரில் தோட்டம் தோட்டமாகப் போவேன். குழந்தையை எடை போடத் தராசை ரம்புத்தான் கிளையில் மாட்டி, தூளி மாதிரி துணியில் பிள்ளையைத் தொங்கவிட்டுப் பார்ப்போம். பிள்ளை கத்தும், முள் ஆடும், தாய்க்காரி "மிசி, போன மாசத்தைவிட ஏறியிருக்கா?" என்று கேட்டுக்கொண்டே நிற்பாள். நான் செய்வது உலக மாநாட்டுத் தீர்மானம் என்று எனக்கு அப்போது யாரும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் பெட்ரோல் படியாவது கொஞ்சம் கூட்டிக் கேட்டிருப்பேன்.

இன்னொன்று. வேலைக்குச் சேர்ந்த புதிதில், கோலாலம்பூரில் வீடு கிடைக்காமல், ஹங் ஜெபாட் சாலையில் ஒய்.டபிள்யூ.சி.ஏ. என்ற கிறிஸ்தவ இளம்பெண்கள் சங்கத்தின் விடுதியில் சில மாதம் தங்கியிருந்தேன். 1975லிருந்து 1983 வரை உலக ஒய்.டபிள்யூ.சி.ஏ.வுக்குத் தலைவி யார் என்று நினைக்கிறீர்கள்? இதே நீட்டா பாரோ. அந்த விடுதியில் குளியலறைக்கு வரிசையில் நின்றபோது, எங்கள் எல்லாருக்கும் மேலே ஒரு நர்ஸ்தான் இருக்கிறாள் என்று தெரிந்திருந்தால் கொஞ்சம் நிமிர்ந்து நின்றிருப்பேன்.

1990 ஜூன் 6ஆம் தேதி கவர்னர் ஜெனரல் ஆனார். 1995 டிசம்பர் 19ஆம் தேதி, பதவியில் இருக்கும்போதே காலமானார். இந்த இரண்டு ஆண்டையும் நீங்கள் சரியாகப் போட்டிருந்தீர்கள், நன்றி.

என் வேண்டுகோள் சின்னது. கட்டுரை எல்லாம் வேண்டாம், உங்களுக்கு இடப் பிரச்சினை இருக்கும். வரும் ஞாயிறு அதே மூலையில் ஒரு வரி போட்டால் போதும்: டேம் நீட்டா பாரோ பயிற்சி பெற்ற தாதி, அந்த வேலையிலிருந்துதான் தூதர் ஆனார் என்று. தாதி என்றே போடுங்கள், நான் மிசி என்று படித்துக்கொள்கிறேன்.

பேத்தி விண்ணப்பப் பாரத்தை நிரப்பி வைத்திருக்கிறாள். அப்பாவின் கையெழுத்துக்கான இடம் மட்டும் காலியாக இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை மருமகன் வழக்கம்போல் சாப்பிட வருவார். பத்திரிகையை அவர் தட்டுக்குப் பக்கத்திலேயே வைத்துவிடுகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற மிசி,
செந்தூல், கோலாலம்பூர்.